வீட்டு ஜெபமும் வரன் பேச்சும்

தென் மாவட்டத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குக் குடும்ப ஜெபம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பசிதான். எங்கள் வீட்டில் ஜெபம் முடியாமல் இரவுச் சாப்பாடு கிடையாது. அடுப்படியில் குழம்பு கொதித்து இறங்கியிருக்கும். அதன் வாசனை முன்னறைவரை வரும். பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்ததும் பாட்டி ஒரு கீர்த்தனையை எடுப்பார். அவர் எந்தச் சுருதியில் எடுத்தாரோ அதில்தான் மற்றவர்கள் போய்ச் சேர வேண்டும். பிறகு வேதாகமத்தை ஆளுக்கு இரண்டு வசனமாக வாசிப்போம். எழுத்துக் கூட்டத் தெரியாத கடைக்குட்டி, தாத்தா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும். அதன்பின் முழங்கால்படியிட்டு ஜெபம். நோயில் கிடக்கும் பெரியப்பா, கப்பலில் வேலை பார்க்கும் மாமா, பரீட்சை எழுதும் அக்கா, பெய்யாத மழை, ஊரில் புதிதாக விதவையானவர் என்று ஒவ்வொருவராக அந்த ஜெபத்துக்குள் வருவார்கள். பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொல்லி முடித்ததும் பிள்ளைகள் தட்டைத் தேடி ஓடுவோம்.

அதே முன்னறையில்தான் என் அத்தைக்கு வரன் பேசினார்கள். வந்தவரிடம் தாத்தா நிறையக் கேட்டார். பையன் என்ன படித்திருக்கிறான், எங்கே வேலை, எந்தச் சபை, திடப்படுத்தல் எடுத்தாயிற்றா, ஞாயிறு ஆராதனைக்கு ஒழுங்காகப் போகிறானா. எல்லாவற்றுக்கும் நல்ல பதில் கிடைத்தது. கடைசியில் குரலைச் சற்றுத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்கதானே?" என்றார். வந்தவர் சிரித்துத் தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் காப்பி வந்தது.

கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பிரிவில்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய பகுதியை அந்த வாரந்தான் ஜெபத்தில் வாசித்திருந்தோம். அதில் என் முறைக்கு வந்த வசனங்களும் உண்டு. 'நம்ம ஆளுங்க' என்றால் யார் என்று நான் பாட்டியிடம் கேட்டேன். "பெரியவங்க பேசுற இடத்தில உனக்கென்ன வேலை" என்று அனுப்பிவிட்டார். கேள்வி மட்டும் என்னோடு இருந்துவிட்டது.

வீட்டு ஜெபம் குறைந்துவிட்டது, பிள்ளைகள் கைபேசியில் மூழ்கிவிட்டார்கள், சபையைவிட்டு விலகிப்போகிறார்கள் என்ற வருத்தத்தை இன்று ஒவ்வொரு சபையிலும் கேட்கலாம். அந்த வருத்தம் பொய்யில்லை. ஆனாலும் அது பாதியைத்தான் பார்க்கிறது. தமிழ்க் கிறிஸ்தவ வீடு எப்போதுமே இரண்டு பாடங்களை நடத்திவந்திருக்கிறது. ஒன்று மாலையில் பாயில் உட்கார்ந்து நடத்தும் பாடம். மற்றது கல்யாணப் பேச்சில் நடத்தும் பாடம். முதலாவது அற்புதமான பாடம் என்பதை வரலாறு காட்டுகிறது. இரண்டாவது முதலாவதை எவ்வளவு அரித்தது என்பதையும் அதே வரலாறுதான் காட்டுகிறது.

விசுவாசத்தை வீட்டில் வைத்துக் கற்றுக்கொடுப்பது மிஷனரிகள் கொண்டுவந்த புதுமை அல்ல. உபாகமத்தில் அந்தக் கடமை ஆசாரியர்கள்மேல் மட்டும் சுமத்தப்படவில்லை. பிள்ளை பெற்ற ஒவ்வொருவர்மேலும் வைக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் இடைக்காலம் முழுவதும் துறவறமே உயர்ந்த கிறிஸ்தவ வாழ்வு என்று எண்ணப்பட்டது. இல்லறம் அதற்கு ஒருபடி கீழேதான். 1525இல் மடத்தைவிட்டு வெளியேறிய கத்தரீனா ஃபொன் போராவை மணந்து குடும்பஸ்தரான மார்ட்டின் லுத்தர் அந்த எண்ணத்தைக் கலைத்தார். 1529இல் அவர் வெளியிட்ட 'சிறிய ஞானோபதேசம்' பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் ஆகியவற்றைச் சின்னச் சின்னக் கேள்வி பதிலாகச் சொல்கிறது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விதம் என்று குறித்திருக்கிறார். காலை ஜெபம், இரவு ஜெபம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்லும் ஜெபம் எல்லாம் அந்தச் சிறு நூலிலேயே உண்டு. எங்கள் வீட்டுப் பாய்க்கு அங்கிருந்து ஒரு வழி வருகிறது.

அந்த நூலை 1706 ஜூலையில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்க் வெகு சீக்கிரத்திலேயே தமிழாக்கினார். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருந்தது. லுத்தர் தன் நூலைக் கொடுத்தது ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்த வீடுகளுக்கு. தரங்கம்பாடியில் 1707 மே மாதம் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். தமக்கென்று வீடில்லாதவர்களிடம் வீட்டு ஜெபத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? தரங்கம்பாடி மிஷன் பள்ளிக்கூடம் திறந்தது. பெண் பிள்ளைகளுக்கும் திறந்தது. பள்ளியே அந்தப் பிள்ளைகளுக்கு உண்ணவும் உறங்கவும் ஜெபிக்கவும் இடமாயிற்று.

இங்கே ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது. அதைப் போதுமான அளவுக்கு யாரும் பேசியதில்லை என்று நினைக்கிறேன். ஜெர்மானிய வீட்டில் தகப்பன் வாசிப்பான், பிள்ளை கேட்கும். 19ஆம் நூற்றாண்டுத் திருநெல்வேலிக் கிராமத்தில் புதிதாகச் சபையில் சேர்ந்த பனையேறிக் குடும்பத்தில் தகப்பனுக்கும் தாய்க்கும் எழுத்தறிவு கிடையாது. மிஷன் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைக்குத்தான் வாசிக்கத் தெரியும். ஆக அந்த வீட்டில் வேதத்தைத் திறந்து வாசித்தது பிள்ளை, கேட்டது பெற்றோர். தமிழ்க் கிறிஸ்தவத்தின் முதல் தலைமுறையில் விசுவாசம் மேலிருந்து கீழே மட்டும் இறங்கவில்லை, கீழிருந்து மேலேயும் ஏறியது. பிள்ளைகளை வெறும் பாத்திரங்களாக நினைத்து வசனத்தை ஊற்றி நிரப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்தச் சபைகளின் வாயே பிள்ளைகள்தாம்.

பெண்களின் கதை இன்னும் ஆழமானது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனின் சார்ல்ஸ் மீட் என்பவரின் மனைவி ஜொஹானா 1819 வாக்கில் பெண்களுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளியைத் தொடங்கினார். 1821இல் அதே மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை அப்போது நடைமுறையில் இருந்தது. அது ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அடிமைக் குடும்பத்தில் பிறந்த பெண்களில் சிலர் லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டார்கள். நூலும் ஊசியும் அங்கே ஒரு பெண்ணை இன்னொருவரின் உடைமையாக இருப்பதிலிருந்து விடுவித்தன. அந்தப் பெண் ஒரு வீட்டுக்குத் தாயாகப் போனபோது தன் பிள்ளைக்கு விடுதலையைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள். ஊசி பிடித்த விரலைக் காட்டினாலே போதும்.

எழுத்தில் சொன்னவர்களும் இருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் கடாட்சபுரத்தில் ஊழியம் செய்த ஜான் தேவசகாயம் ஐயரின் மகள் அன்னாள். அவர் டபிள்யூ. டி. சத்தியநாதனை மணந்து, 1860களில் சென்னை சிந்தாதிரிப்பேட்டைக்கு வந்து, வீடு வீடாகச் சென்று பெண்களுக்குக் கற்பித்தார்; பெண் பள்ளிகளை நடத்தினார். பிள்ளை வளர்ப்பைப் பற்றி 'நல்ல தாய்' என்ற நூலையும் தமிழில் எழுதினார். அவருடைய மருமகள் கிருபாபாய் 'சகுணா', 'கமலா' என்ற ஆங்கில நாவல்களை எழுதிவிட்டு 1894இல் மிக இளம் வயதில் இறந்துபோனார். அன்னாளின் மகனும் கிருபாபாயின் கணவருமான சாமுவேலின் இரண்டாம் மனைவி கமலா சத்தியநாதன் 1901இல் சென்னையிலிருந்து 'தி இண்டியன் லேடீஸ் மேகசின்' என்ற பத்திரிகையை நடத்தத் தொடங்கினார். ஒரே குடும்பத்தில் மாமியாரும் இரண்டு மருமகள்களும் எழுத்தாளர்கள். பெண் படித்தால் வீடு கெட்டுவிடும் என்று ஊரே சொன்ன காலம் அது. வீட்டு ஜெபத்தில் பெண் வாசித்தாள், பெண் பாடினாள், ஆண்கள் கேட்க வாய்விட்டு ஜெபித்தாள். அப்படி வாய் திறந்து பழகியவள்தான் பிறகு பேனாவைத் திறந்தாள் என்பது என் கருத்து.

கத்தோலிக்க வீடுகளில் இதே மாலை வேளையில் ஜெபமாலை சொல்வார்கள். வடிவம் வேறு, வேலை ஒன்றுதான். ஒரு பத்து மணியைப் பாட்டி முன்சொல்ல, அடுத்த பத்தைப் பேரன் முன்சொல்வான். கடற்கரை ஊர்களில் வள்ளம் திரும்பாத இரவுகளில் அந்த மணிகள் எத்தனை முறை சுற்றிவந்திருக்கும் என்பது அந்த ஊர்ப் பெண்களுக்குத்தான் தெரியும்.

வீட்டு ஜெபத்தைத் தமிழாக்கியது பாட்டு. அதைச் செய்தவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, 12 வயதில் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போய், பிற்காலத்தில் மன்னரான இரண்டாம் சரபோஜியோடு ஒன்றாகப் படித்தவர். ஜெர்மானிய மெட்டில் பாடிக்கொண்டிருந்த சபைக்குக் கர்நாடக ராகத்தையும் குறவஞ்சியையும் கொடுத்தவர். எழுத்தறியாத பாட்டிகளும் முழு வேதக் கதையையும் மனப்பாடமாகச் சொல்ல முடிந்தது இந்தப் பாட்டுகளால். 1864இல் அவர் மறைந்து இத்தனை காலமாகியும் அவர் பாட்டு இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு கிறிஸ்துமஸ் விடிந்ததில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இருக்காது. 1820களில் புதிய மிஷனரிகள் ஆலயத்தில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை நீக்க முயன்றபோது சாஸ்திரியார் அதை எதிர்த்து எழுதினார். சாதி என்பது நாட்டு வழக்கம், அதற்கும் விசுவாசத்துக்கும் தொடர்பில்லை என்பது அவர் தரப்பு. அந்நியர்கள் தம் வழக்கத்தையே கிறிஸ்தவம் என்று நம்மேல் திணிக்கிறார்கள் என்ற அவருடைய கோபத்தில் நியாயமும் கலந்திருந்தது. அவர்கள் நம் இசையிலும் கைவைத்தார்கள். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைகள் உடனே முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே போனார்கள். எல்லோர் வீட்டிலும் ஒலித்த பாட்டுக்குச் சொந்தக்காரர், எல்லோரும் ஒரே பாயில் உட்காருவதை ஏற்கவில்லை. அவர் பாட்டை நான் இன்றும் உருகித்தான் பாடுகிறேன். இந்த விஷயத்தில் அவர் தவறு செய்தார் என்பதையும் தயங்காமல் சொல்கிறேன்.

சாதி ஆலயத்தின் இருக்கையில் இருந்தவரை அதை யாரும் பார்க்கலாம், எதிர்க்கலாம். அதற்கு ஆலயத்தைவிடப் பாதுகாப்பான இடம் ஒன்று இருந்தது. அதுதான் கல்யாணம்.

பாளையங்கோட்டையிலிருந்து தொடங்குவோம். திருநெல்வேலிச் சபைக்குத் தாய் என்று சொல்லப்படும் குளோரிந்தா ஒரு பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்துவந்தார். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறார் என்பதைக் காரணம் காட்டி சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல்தான் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள், பல சாதியார். அவர்களில் முதல் பெயர் குளோரிந்தாவுடையது. 1785இல் அவர் கட்டுவித்த ஆலயத்தை மக்கள் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். ஒரு விதவை, மறுமணத்துக்கு வழியில்லாத சாதியில் பிறந்தவர், முறையற்ற உறவில் இருந்தார் என்று தள்ளிவைக்கப்பட்டவர், அவரே ஒரு திருச்சபையின் முதல் பெயர். நம் சபைகளில் குடும்பத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் இந்தப் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். ஒழுங்கான குடும்பங்கள் கூடிச் சபையைக் கட்டவில்லை. குடும்பம் இல்லாதவர்களும் குடும்பத்தை இழந்தவர்களும் வந்தார்கள். அவர்களுக்குச் சபை குடும்பமாயிற்று.

இன்னொரு கதை நெய்யூரில். மேலே சொன்ன சார்ல்ஸ் மீட் தென் திருவிதாங்கூரில் 30 ஆண்டுகளுக்கும் மேல் ஊழியம் செய்தவர். பள்ளிகளையும் அச்சுக்கூடத்தையும் தோற்றுவித்தவர். மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தின் தொடக்க நாட்களில் ஒடுக்கப்பட்ட பெண்களின் பக்கம் நின்றவர். மனைவியை இழந்த அவர் 1852 வாக்கில், 60 வயதில், மறுமணம் செய்துகொண்டார். மணமகள் லோயிஸ், பறையர் சமூகத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவ்வளவுதான். அதுவரை அவரோடு ஜெபித்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. உடன் ஊழியரின் எதிர்ப்பு கிளம்பியது. லண்டன் மிஷனோடு அவருக்கு இருந்த உறவு அறுந்தது. பின்னர் திருவிதாங்கூர் அரசின் கல்விப் பணியில் சேர்ந்து மீதி நாளைக் கழித்து, 1873இல் இறந்தார். சாதியை ஒழிக்க வேண்டும் என்று அறிக்கை எழுதிய மிஷன்களின் காலம் அது. மேடையில் சொன்னதை வீட்டில் செய்த ஒரு மனிதரை அவர்கள் தாங்கவில்லை. வெள்ளையர் என்ற மேட்டிமை ஒரு பக்கம், உள்ளூர்ச் சாதி மேட்டிமை மறுபக்கம். இரண்டும் கைகோத்த இடம் ஒரு கல்யாணம்.

லோயிஸ் என்பது நம் பழைய வேதாகமத்தில் லோவிசாள். தீமோத்தேயுவின் பாட்டி. பாட்டியிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசமே பிள்ளைக்கு வந்தது என்று பவுல் எழுதியிருப்பதால், குடும்ப ஜெபத்தைப் பற்றிய பிரசங்கம் எதுவும் இந்த இரண்டு பெயர்கள் இல்லாமல் முடிவதில்லை. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகளில் உள்ள ஒரு விவரத்தை அந்தப் பிரசங்கங்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன. தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண், தகப்பன் கிரேக்கர். நாம் முன்மாதிரியாகக் காட்டும் அந்தப் பிள்ளை கலப்பு மணத்தில் பிறந்தவன்.

வடக்கன்குளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே இருப்பது திருக்குடும்ப ஆலயம். மரியா, யோசேப்பு, குழந்தை இயேசு என்ற அந்தக் குடும்பத்தின் பெயரில் உள்ள ஊர்க் கோயிலில் வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண வேண்டும் என்பதற்காக, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும் கட்டடம் ஒன்றைக் கட்டினார்கள். கால்சட்டைக் கோயில் என்று ஊர் பெயர் வைத்தது. 1910இல் தடுப்பு அகற்றப்பட்டது. அதைத் திரும்பக் கேட்டு ஒரு சாரார் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்றதும் இந்த ஊரில்தான். நீலகண்டன் என்ற அரண்மனை ஊழியர், மணமானவர், மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக உயர்த்தப்பட்டார். இந்திய மண்ணிலிருந்து புனிதர் நிலைக்கு வந்த முதல் பொதுநிலையினர், முதல் குடும்பஸ்தர். அப்போது அவர் பெயருக்குப் பின்னால் வழங்கிவந்த சாதிப் பட்டத்தை உரோமை ஆட்சிப்பீடம் எடுத்துவிட்டது.

சுவர் இடிந்தது, பட்டமும் போயிற்று. வரன் பேச்சில் மட்டும் எதுவும் இடியவில்லை.

சட்டம் இந்த வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதையும் பார்க்கலாம். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872இல் வந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென்று அதிலிருந்த பிரிவின்படி மணமகனுக்கு 16, மணமகளுக்கு 13 வயது கடந்திருந்தால் போதும். அது 21, 18 என்று ஆனது 1978இல்தான். 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் இன்னும் கொடியது. மனைவியின் விபச்சாரம் ஒன்றை நிரூபித்தால் கணவனுக்கு விடுதலை கிடைக்கும். கணவனின் விபச்சாரத்தை மட்டும் நிரூபித்தால் மனைவிக்குக் கிடைக்காது. கொடுமையோ கைவிடலோ வேறு குற்றமோ கூடவே இருக்க வேண்டும். இந்த அநியாயம் 2001இல் திருத்தப்படும்வரை, 132 ஆண்டுகள் நம் பெண்கள்மேல் இருந்தது. ஒருவருக்கொருவர் உண்மையாயிருப்போம் என்று இருவரும் ஒரே உடன்படிக்கையை ஒரே பீடத்தின் முன்னால் சொன்னவர்கள். சட்டம் அதை இரண்டு தராசில் நிறுத்தது.

சொத்திலும் அப்படித்தான். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி உயிலெழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்குக் கிடைப்பது மகனின் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தாலோ கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்சநீதிமன்றம், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்தபோது வரவேற்றவர்களைவிடக் குடும்பம் சிதைந்துவிடும் என்று கவலைப்பட்டவர்களே சபைகளில் அதிகம். மகளுக்குப் பங்கு கொடுத்தால் சிதைந்துபோகும் குடும்பத்தை எதைக் கொண்டு கட்டியிருக்கிறோம்?

வரதட்சணையை நான் அதிகம் விரித்துப் பேசப்போவதில்லை. 1961இலிருந்து அது குற்றம். சபைத் தலைவர்களுக்கும் தெரியும், ஓலை வாசிக்கிற ஐயருக்கும் தெரியும். மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று கேட்பது நல்ல ஏற்பாடு. சபை முழுவதையும் சாட்சியாக்குகிறது. எத்தனை பவுன், எந்த வண்டி என்று ஊருக்கே தெரிந்திருக்கும்போதும் ஒருவர்கூட எழுந்து தடை சொன்னதை நான் பார்த்ததில்லை. நானும் எழுந்ததில்லை.

இன்றைய பிள்ளைக்கு வருவோம். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாடுகிறது, கைவேலை செய்கிறது, வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்குகிறது. ஞாயிறு பள்ளித் தேர்வில் முதலிடம் பெறுகிறது. பெற்றோர் பெருமைப்படுகிறார்கள். டியூஷனும் பயிற்சி வகுப்பும் போக மிஞ்சிய நேரத்தில் வீட்டு ஜெபம் பத்து நிமிடமாகச் சுருங்கியிருந்தாலும், பல வீடுகளில் அது இன்னும் நடக்கிறது. அப்படியிருந்தும் 25 வயதில் அந்தப் பிள்ளை சபையைவிட்டு ஏன் மெல்ல விலகுகிறது? இணையத்தையும் நகரத்தையும் காரணம் காட்டுவது எளிது. என்னோடு மனம்விட்டுப் பேசிய இளைஞர்கள் பலர் சொன்ன காரணம் வேறு. தான் விரும்பிய பெண் வேறு சாதிக் கிறிஸ்தவப் பெண் என்று தெரிந்த அன்று வீட்டில் கேட்ட பேச்சை அவர்கள் சொன்னார்கள். ஒருவன் சொன்னது இது: "அம்மா அழுதாங்க, சரி. அப்பா திட்டினாரு, சரி. ஆனா அன்னைக்கு ராத்திரியும் எப்பவும் போல ஜெபம் பண்ணினாங்க பாருங்க, அதுதான் தாங்கல."

இன்னொன்றையும் நம் வட்டாரத்தில் பார்க்கிறோம். வேறு சாதிக் கிறிஸ்தவரை மறுக்கும் குடும்பம், சொந்தச் சாதி இந்துக் குடும்பத்தில் வரன் அமைந்தால் யோசிக்கிறது. பல சமயம் ஒத்துக்கொள்கிறது. மதம் கடந்த மணத்தைக் குறையாகச் சொல்லவில்லை. அன்போடு அப்படி வாழ்கிற பலரை அறிவேன். கத்தோலிக்கத் திருச்சபைகூட அதற்கு அனுமதி பெறும் முறையை வைத்திருக்கிறது. பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பிடம் வாக்குறுதி வாங்குகிறது. நான் சொல்ல வருவது வேறு. இரண்டில் எது விட்டுக்கொடுக்கக்கூடியது, எது கூடாதது என்று வீடு தேர்ந்தெடுக்கிறது. சாதியா, விசுவாசமா என்று வரும்போது எது நிலைக்கிறது என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. வசனத்தை மனப்பாடம் செய்த அதே கூர்மையோடு அதையும் மனப்பாடம் செய்துகொள்கிறது.

ஆகவே வீட்டு ஜெபத்தை மீட்டெடுப்போம் என்று சபைகள் எடுக்கும் முயற்சிகளுக்கு ஒரு விண்ணப்பம். பாயை விரியுங்கள், பாட்டை எடுங்கள், பிள்ளையை வாசிக்கவிடுங்கள். பிள்ளைகள் வாசிக்க, பெரியவர்கள் கேட்டு உருவான சபை இது. கலாத்தியர் பகுதி வரும் நாளில் 'நம்ம ஆளுங்க' யார் என்று பிள்ளை கேட்டால், பெரியவர்கள் பேசும் இடம் என்று அனுப்பிவிடாதீர்கள். குளோரிந்தாவின் பெயர் முதலில் இருக்கும் அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லுங்கள். மீட்டையும் லோயிஸையும் பற்றிச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பிள்ளைக்கு வரன் பார்க்கும் நாளும் வரும். திருமணத் தகவல் மையத்தின் படிவம் உங்கள் கைக்கு வரும். பெயர், சபை, படிப்பு, வேலை எல்லாவற்றையும் நிரப்புங்கள். சாதி என்று கேட்டிருக்கும் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டுத் திருப்பிக் கொடுங்கள். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.